மஞ்சள் இலையைக் கண்டதும் உரமூட்டையைப் பிரிக்காதீர்கள்

நவம்பரில் முதல் பெருமழை பெய்து ஓய்ந்ததும் எங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் கையில் ஓர் இலையோடு வந்து நிற்பார். "அண்ணே, கிளாடியோலஸ் மஞ்சளாகிறது. என்ன உரம் போடட்டும்?" தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே வெருலம், டொங்காட் பக்கம் காய்கறியை விட்டுப் பூவுக்கு வந்திருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இதே கேள்விதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இது மேலிலையா, கீழிலையா?" பெரும்பாலும் பதில் வராது. ஒடிக்கும்போது அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு விவரம் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

கிளாடியோலஸ், சம்பங்கி போன்ற கிழங்குப் பூக்களை முதல்முறையாக வயலில் போட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உர அட்டவணை எங்கும் கிடைக்கும். வயலில் நின்று எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கிழங்கு கட்டுச்சோறோடு வருகிறது

கீரை விதைத்தால் மண்ணில் இருப்பது பத்தே நாளில் இலையில் தெரியும். கிழங்கு அப்படியல்ல. போன பருவத்தில் சேர்த்த சோற்றைக் கட்டிக்கொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. முதல் சில வாரங்கள் அதைத் தின்றே வளரும். அதனால் மண்ணில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் பயிர் முதலில் செழிப்பாகத் தெரியும். நீங்களும் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். இதற்கு நேர்மாறாக, முளைத்ததிலிருந்தே ஒரு குறிப்பிட்ட மூட்டைக் கிழங்கு மட்டும் சோனியாக வருகிறது என்றால், குறை உங்கள் மண்ணில் இல்லை. அந்தக் கிழங்கு போன வருடம் வளர்ந்த வயலில் இருக்கிறது. எந்த மூட்டை எந்த வரிசையில் போயிற்று என்று நடும் நாளிலேயே குறித்து வையுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

கிளாடியோலஸில் இன்னொரு விஷயம் உண்டு. நட்ட கிழங்கு சுருங்கி மடிந்து, அதன் தலைமேல் புதுக் கிழங்கு உருவாகும். சுற்றிலும் குஞ்சுக் கிழங்குகள் பிடிக்கும். இந்த வருடப் பசி இந்த வருடப் பூவைக் கொஞ்சம் குறைக்கும். அடுத்த வருடக் கிழங்கையோ வெகுவாகக் குறைத்துவிடும். மூன்றாவது இலை விரியும் சமயத்தில் பூங்கதிர் உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஆகவே கதிர் வெளியே தலைகாட்டிய பிறகு நீங்கள் செய்யும் எந்த வைத்தியமும் அந்தப் பூவுக்குப் பெரிதாக உதவாது. கிழங்குக்கு உதவும்.

ஒரு தவறு எல்லோரும் செய்வது: பூவை வெட்டும்போது காம்பு நீளமாக வேண்டும் என்று இலைகளையும் சேர்த்து அடியோடு அறுப்பது. செடியில் நான்கு இலையாவது நிற்க வேண்டும். அவைதான் புதுக் கிழங்குக்குச் சோறு சமைக்கின்றன. அடுத்த பருவத்தில் சிறுத்த கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு மண்ணைக் குறை சொல்பவர்களில் பலர் முந்தின பருவத்தில் இலையை அறுத்தவர்கள்.

முதலில் நடங்கள்

இலையைப் பார்க்கும் முன் வயலைச் சுற்றி ஒரு நடை. மேட்டில் நின்று ஒரு பார்வை. மஞ்சள் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

வயல் முழுவதும் ஒரே சீராக வெளுத்திருந்தால் ஊட்டக் குறை என்று சந்தேகப்படலாம். ஒரு வரிசை மட்டும் வெளுத்திருந்தால் உரம் போட்டவர் அந்த வரிசையைத் தாண்டியிருப்பார், அல்லது சொட்டுநீர்க் குழாய் அடைத்திருக்கும். தாழ்ந்த இடம் மட்டும் என்றால் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறுகிறது. கரும்பை ஒட்டிய ஓரம் மட்டும் என்றால், பக்கத்துத் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த நாளில் காற்று எந்தப் பக்கம் வீசியது என்று கேளுங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக, நல்ல செடிக்கு நடுவே ஒரு செடி மட்டும் நோஞ்சானாக நின்றால் அது கிழங்கழுகலாகவோ வைரஸாகவோ இருக்கும். ஊட்டக் குறை அப்படி ஆள் பார்த்துப் பிடிப்பதில்லை.

அடுத்து தோண்டுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. நானும் ஒரு காலத்தில் செய்யவில்லை. பூவுக்கு வந்த இரண்டாம் வருடம், மணற்பாங்கான ஒரு துண்டில் செடிகள் வெளுத்தன. தழைச்சத்து (நைட்ரஜன்) குறை என்று நானே முடிவு கட்டி, சுண்ணாம்பு கலந்த அம்மோனியம் நைட்ரேட்டான எல்.ஏ.என். உரத்தை அள்ளி வீசினேன். பச்சை வரவில்லை. மறுபடியும் வீசினேன். ஒரு நல்ல மழைக்குப் பிறகு ஓரளவு பச்சையானது. ஆனால் கதிர்கள் வலுவில்லாமல் வளர்ந்து காற்றுக்குச் சாய்ந்தன. அந்தப் பருவத்துப் பூவில் பாதி சந்தைக்குப் போகவில்லை. கடைசியில் கிழங்கு எடுக்கும்போதுதான் பார்த்தேன்: வேரெங்கும் கடுகைப் போலவும் மிளகைப் போலவும் முடிச்சுகள். வேர்முடிச்சு நூற்புழு. எங்கள் கடலோரக் கரும்பு வயல் மணலில் அது தாராளமாக உண்டு. வாயைப் புழு கட்டியிருக்க, நான் தட்டில் சோற்றைக் குவித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது செய்வது இதுதான். காலையில், மண் ஈரமாக இருக்கும்போது, வெளுத்த செடி இரண்டையும் நல்ல செடி இரண்டையும் தேர்ந்தெடுக்கிறேன். செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை நேராக இறக்கி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெல்ல அலசுகிறேன். பிடித்து இழுத்தால் நுனிவேர் மண்ணிலேயே நின்றுவிடும். பார்க்க வேண்டியதே அதைத்தான். பிறகு நான்கையும் ஒரு சாக்கின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நல்ல வேர் வெள்ளையாக, நிமிர்ந்து, கிளைவிட்டு இருக்கும். முடிச்சு இருந்தால் புழு. பழுப்பாகி, உருவினால் தோல் கையோடு வந்தால் நீர்த் தேக்கம். வேர் குட்டையாக, தடித்து, நுனி மழுங்கி, பவளத் துண்டு போல இருந்தால் மண் அமிலமாகி அலுமினியம் வேரைச் சுடுகிறது. பிறகு கிழங்கைக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகம் சுத்தமான வெண்மஞ்சளாக இருக்க வேண்டும். நடுவில் பழுப்புத் திட்டு தொடங்கி அடிப்பக்கம் நீண்டால் ஃபுசேரியம் வாடல் நோய். அந்தச் செடியின் இலைகள் ஒரு பக்கமாக வளைந்து மஞ்சளாகியிருப்பதையும் அப்போதுதான் கவனிப்பீர்கள். அதற்கு உரத்தில் மருந்து இல்லை. கிழங்கோடு பிடுங்கி எரித்துவிடுங்கள்.

வேரும் கிழங்கும் சுத்தமாக இருந்தால் மட்டுமே இலைக்கு வாருங்கள்.

கீழிலையா, மேலிலையா

சில சத்துகளைச் செடி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துப் போக முடியும். பஞ்சம் வந்தால் முதிய இலையிலிருந்து பிடுங்கி இளையதற்குக் கொடுக்கும். குடும்பத்தில் பெரியவர்கள் பட்டினி கிடந்து பிள்ளைக்குக் கொடுப்பது போல. தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம் நான்கும் இந்த வகை. இவை குறைந்தால் கீழிலையில் தெரியும். இரும்பு, மாங்கனீசு, கால்சியம், போரான், கந்தகம் ஆகியவை போன இடத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடும். இவை குறைந்தால் குருத்திலும் புது இலையிலும் தெரியும்.

கீழிலையில் தெரிவதை முதலில் பார்ப்போம். இலை முழுக்க ஒரே சீராக வெளுத்து, செடியே இளைத்து, கதிரில் மொட்டு எண்ணிக்கை குறைந்தால் தழைச்சத்துக் குறை. இது எளிது. மணிச்சத்துக் குறைதான் ஏமாற்றும்: செடி மஞ்சளாகாது, வழக்கத்தைவிடக் கரும்பச்சையாகத் தெரியும், அதைச் செழிப்பு என்று நினைத்துவிடுவோம். கீழிலையில் ஊதா சாயல் ஓடும், வேர் வளராது, பூ தாமதப்படும். சம்பங்கியில் மேலிலை கரும்பச்சையும் கீழிலை ஊதாவுமாக இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சாம்பல்சத்து குறைந்தால் கீழிலையின் நுனியும் விளிம்பும் மஞ்சளாகிப் பிறகு தீய்ந்துபோகும். கதிர் குட்டையாகும், காம்பு வலுவிழக்கும்.

மக்னீசியம் எங்கள் கடலோரச் செம்மணலில் அடிக்கடி வருவது. கிளாடியோலஸ் இலையில் நரம்புகள் இணையாக ஓடுவதால், நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் கோடு போட்ட துணி போலத் தெரியும். கீழிலையைப் பிடித்துச் சூரியனுக்கு எதிரே உயர்த்திப் பாருங்கள், கோடு பளிச்சென்று தெரியும். மழை கரைத்துவிட்டது ஒரு காரணம். சாம்பல்சத்தை அளவுக்கு மீறிப் போட்டது இன்னொரு காரணம்: அது கூடினால் வேர் மக்னீசியத்தை எடுப்பது குறையும். கோழி எருவையும் பொட்டாஷையும் சேர்த்துக் கொட்டும் தோட்டங்களில் இதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

இதே கோடு குருத்திலையில் வந்தால் கதை வேறு. அது இரும்பு, அல்லது மாங்கனீசு. இங்கே மண்ணில் இரும்பு இல்லாமல் போவது அரிது; சுண்ணாம்பு அதிகமாகிப் பூட்டிக்கொண்டிருக்கும், அல்லது நீர் தேங்கி வேர் எடுக்க முடியாமல் இருக்கும். லேசான மணலில் "நிறையப் போட்டால் நிறைய நல்லது" என்று சுண்ணாம்பு போட்டவர்களிடம் குருத்து வெளுப்பு வந்தே தீரும்.

கால்சியமும் போரானும் இலையின் நிறத்தைவிட வடிவத்தைத்தான் கெடுக்கும். பூங்கதிர் நன்றாக வளர்ந்து வந்து, மொட்டுக்குக் கீழே ஓரிடம் நீர் கோத்தது போலக் கண்ணாடியாகி மடிந்து தொங்கினால் கால்சியத்தை நினையுங்கள். சம்பங்கியில் கதிர் வெடிப்பதாகவும் தெரியும். இலை விளிம்பில் குறுக்காகக் கீறல்கள், யாரோ நகத்தால் கிழித்தது போல வெடிப்புகள் இருந்தால் போரான்.

வேடம் போடுபவை

கிளாடியோலஸுக்கு ஃப்ளூரைடு ஆகவே ஆகாது. காற்றில் அது மிகக் குறைந்த அளவு இருந்தாலே இலை நுனி கருகும். உலகெங்கும் ஃப்ளூரைடு மாசைக் கண்டுபிடிக்கவே இந்தச் செடியை நட்டுப் பார்த்திருக்கிறார்கள். செங்கல் சூளை, அலுமினிய உருக்காலை, பாஸ்பேட் உர ஆலை ஆகியவற்றிலிருந்து அது வரும். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் இருக்கிறது. சாம்பல்சத்துக் குறைக்கும் இதற்கும் எப்படி வேறுபாடு காண்பது? சாம்பல்சத்துக் குறை கீழிலையில் தொடங்கி விளிம்போரமாக இறங்கும், மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மெல்ல மாறும். ஃப்ளூரைடு கருகல் நுனியில் தொடங்கிக் கீழ்நோக்கி வரும். கருகிய பகுதிக்கும் பச்சைக்கும் நடுவே கோடு கிழித்தது போல எல்லை இருக்கும். பார்த்துப் பழகினால் தவறாது. மண்ணின் பிஎச் (அமில, கார அளவு) 6.5 அளவில் இருந்தால் மண்வழி ஃப்ளூரைடு கட்டுப்படும். கிளாடியோலஸுக்கு சூப்பர் பாஸ்பேட்டை நான் தொடுவதேயில்லை.

இலையில் வெள்ளி பூசியது போலக் கீற்றுகள் இருந்தால் இலைப்பேன். மடலை விரித்து வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள், ஊசிநுனி போன்ற பூச்சிகள் விழும். இலைக்குக் குறுக்கே வரிவரியாக ஆரஞ்சுத் தூள் இருந்தால் துருநோய். அது தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தே உலகுக்குப் போன பூஞ்சை.

இந்தப் பூவும் அப்படித்தான். கிளாடியோலஸ் இனங்களில் பாதிக்கும் மேல் தென்னாப்பிரிக்காவுக்கு உரியவை. இன்று நாம் நடும் பெரிய பூ வகைகளின் முன்னோர்களில் ஒன்று எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணப் புல்வெளியில் இன்றும் தானாகப் பூக்கிறது, உரமின்றி. கடலோர மணல்மேட்டில் கோடையில் செங்காந்தளும் பூக்கும். தாத்தாக்களின் ஊரில் பூத்த அதே காந்தள். ஆனால் காட்டுச் செடி ஒரு கதிரில் சில பூவோடு நின்றுவிடுகிறது. நாம் வளர்க்கும் கலப்பினத்துக்குப் பசி அதிகம்.

மண்ணைக் கேளுங்கள்

கண்ணால் கண்டது சந்தேகம்தான். உறுதி செய்ய ஆய்வுக்கூடம் வேண்டும். நம் மாகாணத்தில் சிடாராவில் வேளாண் துறையின் மண் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மவுண்ட் எட்ஜ்கோம்பில் உள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையமும் உர ஆலோசனைச் சேவை நடத்துகிறது.

மண் எடுக்கும் முறை: வயலில் வளைந்து வளைந்து நடந்து இருபது இடங்களில், மேலிருந்து ஒரு சாண் ஆழம் வரை எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ. துத்தநாகம் பூசிய இரும்பு வாளி வேண்டாம், துத்தநாகக் கணக்கு கெட்டுவிடும். நல்ல இடத்து மண் தனி, கெட்ட இடத்து மண் தனி. இலையும் அப்படியே: கடைசியாக முழுதும் விரிந்த இலையை இருபது செடிகளிலிருந்து எடுத்துக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்து அழுகிவிடும். நல்லதையும் கெட்டதையும் சேர்த்து அனுப்பாவிட்டால், வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவீர்கள்?

அறிக்கை வந்ததும் புதியவர்கள் பதறுவது பிஎச் எண்ணைப் பார்த்து. சிடாராவில் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அளக்கிறார்கள். தண்ணீரில் அளப்பதைவிட இது ஏறக்குறைய ஓர் எண் குறைவாகக் காட்டும். கிளாடியோலஸுக்குத் தண்ணீரில் அளந்தால் 6 முதல் 6.5 நல்லது. அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு அறிக்கையைப் படித்தால் தேவைக்கு மேல் சுண்ணாம்பு போடுவீர்கள். எண்ணைவிட, அதே தாளில் இருக்கும் அமிலச் செறிவு விழுக்காட்டைப் பாருங்கள். வேரைச் சுடும் அமிலம் எவ்வளவு என்பதை அதுதான் சொல்லும். உள்நாட்டுச் செங்களிமண்ணில் இன்னொரு சிக்கல்: மணிச்சத்தை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு போட்டாலும் விழுங்கும். அங்கே வயல் முழுக்கத் தூவாமல், கிழங்குக்குக் கீழே பட்டையாக வைத்து மண் மூடி நடுவது பலன் தரும்.

நான்கு செடியில் சோதனை

அறிக்கை வர நாளாகும். அதற்குள் செய்யக்கூடிய, எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. குருத்து வெளுத்திருக்கிறது, இரும்பா என்று சந்தேகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), இரண்டு சொட்டுச் சோப்பு. சிறு தூரிகையால் ஓர் இலையின் ஒரு பாதியில் மட்டும் பூசி, செடியில் நூல் கட்டிவிடுங்கள். மாலையில் பூசுவது நல்லது. இரும்புக் குறையாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் பூசிய பாதி பச்சையாகும், மறுபாதி வெளுத்தே நிற்கும். கீழிலைக் கோட்டுக்கு எப்சம் உப்பு, லிட்டருக்கு 10 கிராம். தழைச்சத்து சந்தேகத்துக்கு யூரியா அதே அளவு. ஒவ்வொன்றையும் தனித்தனிச் செடியில் பூசுங்கள். எல்லாவற்றையும் கலந்து ஒரே செடியில் அடித்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. முற்றிய கீழிலை திரும்பப் பச்சையாகாமலும் போகலாம். மஞ்சள் மேலேறுவது நின்றதா என்று பாருங்கள்.

போரானில் மட்டும் கை நடுங்க வேண்டும். குறைவுக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகச் சிறிது. வெண்காரம் லிட்டருக்கு 1 கிராம், அதற்கு மேல் வேண்டாம்.

திருத்தும்போது கணக்குப் பிழை

தமிழ்நாட்டுப் பரிந்துரையைப் படித்துவிட்டு இங்கே கடைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. இந்தியாவில் மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் ஆக்சைடாகக் கணக்கிடுவார்கள். இங்கே மூட்டையில் தனிமமாக அச்சிடுவார்கள். அங்கே 100 கிலோ மணிச்சத்து என்றால் இங்கே 43.6 கிலோ, அங்கே 100 கிலோ சாம்பல்சத்து என்றால் இங்கே 83 கிலோ. மாற்றாமல் போட்டால் மணிச்சத்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும், பின்னால் இரும்பும் துத்தநாகமும் குறையாகத் தெரியும். இங்கே 2:3:2 (22) என்ற மூட்டையில் 22 என்பது மொத்தச் சத்து விழுக்காடு. ஏழு பங்காக்கினால் தழைச்சத்து 6.3, மணிச்சத்து 9.4, சாம்பல்சத்து 6.3.

தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்துவிடும் ஊர் இது. மூன்றிலை விட்டபோது ஒரு பங்கு, ஆறிலையில் ஒரு பங்கு, மணலாக இருந்தால் இன்னும் சிறு பங்குகளாக. அமில மண்ணில் அம்மோனியம் சல்பேட்டைவிட எல்.ஏ.என். நல்லது. சுண்ணாம்பு நடுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே மண்ணில் கலந்திருக்க வேண்டும். மக்னீசியமும் குறைவென்றால் மக்னீசியம் உள்ள சுண்ணாம்பான டாலமைட். பக்கத்துச் சர்க்கரை ஆலையின் வடிசேறு (கரும்புச் சாற்றை வடிகட்டியபின் நிற்கும் கசடு) கிடைத்தால் மணிச்சத்துக்கும் கால்சியத்துக்கும் அருமையானது.

தைப்பூசத்துக் காவடிக்குப் பூ வேண்டும் என்றால் அக்டோபர் கடைசியில் நட வேண்டியிருக்கும். ஏறக்குறைய தொண்ணூறு நாள் கணக்கு. அப்படியானால் சுண்ணாம்பு ஆடியிலேயே மண்ணுக்குள் போயிருக்க வேண்டும், மண் ஆய்வு அதற்கும் முன்பே.

பூ முடிந்து ஆறு எட்டு வாரத்தில் இலை பழுக்கத் தொடங்கியதும் கிழங்கு எடுப்போம். அன்றைக்கு வைத்தியம் செய்த வரிசையிலிருந்து ஐம்பது கிழங்கும், செய்யாத வரிசையிலிருந்து ஐம்பதும் தனித்தனியாகத் தராசில் வையுங்கள். இரண்டு எடையையும், நட்ட நாளில் மூட்டைகளைக் குறித்த அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.